குடும்பத்தோடு காட்டில் தங்கப் போகிறீர்களா? டென்ட் அடிக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

பள்ளிக்கு நாலு நாள் விடுமுறை சேர்ந்து வந்தால் போதும், செல்போனைத் திறந்தாலே ஒரே மாதிரி ரீல்ஸ் வந்து நிற்கும். “அடர்ந்த காட்டுக்குள் டென்ட் ஸ்டே, கேம்ப் ஃபயர், பார்பிக்யூ, அதிகாலையில் யானை தரிசனம். குடும்பத்தோடு வாங்க!” அதைப் பார்த்ததும் வீட்டில் பிள்ளைகள் ஆரம்பித்துவிடுவார்கள்: “அப்பா, நாமளும் போலாம்ப்பா.”

ஆசையில் தப்பே இல்லை. நகரத்தில் வளரும் பிள்ளை ஒரு ராத்திரியாவது தெருவிளக்கு இல்லாத வானத்தைப் பார்க்க வேண்டும். கடமான் கத்துவதைக் கேட்க வேண்டும். இருவாச்சி பறக்கும்போது எழும் இறக்கைச் சத்தத்தில் அண்ணாந்து பார்க்க வேண்டும். ஆனால், அந்த விளம்பரத்தில் சொல்லாமல் விடும் விஷயங்கள் சில உண்டு. 2021 ஜனவரியில் கேரளத்தின் வயநாடு மாவட்டம் மேப்பாடி அருகே, ஒரு தனியார் விடுதியின் டென்ட்டில் தங்கியிருந்த இளம்பெண்ணை யானை தாக்கிக் கொன்றது. காட்டை ஒட்டிய இடம், இரவு நேரம், துணிக் கூடாரம். தடுப்பு என்று சொல்ல வேறொன்றும் இல்லை.

காட்டுக்குப் போகாதீர்கள் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. போங்கள். ஆனால் யார் அனுமதியில், யார் துணையோடு, என்ன தெரிந்துகொண்டு போகிறீர்கள் என்பதில்தான் குடும்பத்தின் பாதுகாப்பும் காட்டின் பாதுகாப்பும் இருக்கின்றன.

நம் தேசியப் பூங்காவில் டென்ட் அடிக்கலாமா?

சுருக்கமான பதில்: உங்கள் இஷ்டத்துக்கு முடியாது.

அமெரிக்காவில் இருக்கும் சொந்தக்காரர்கள் யெல்லோஸ்டோனில் டென்ட் போட்ட படத்தை அனுப்பியிருப்பார்கள். அங்கே அதற்கென்று எண் போட்ட இடங்கள், கரடி திறக்க முடியாத உணவுப் பெட்டிகள், ரோந்து சுற்றும் ரேஞ்சர்கள் எல்லாம் உண்டு. நம் ஊர் அமைப்பு வேறு. கிண்டி, மன்னார் வளைகுடா, முதுமலை, முக்குருத்தி, ஆனைமலை என்று தமிழ்நாட்டில் 5 தேசியப் பூங்காக்கள் இருக்கின்றன. 1972-ம் ஆண்டு வனஉயிர் பாதுகாப்புச் சட்டப்படி இவற்றுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவதே குற்றம். காட்டுக்கு ஆபத்து வரும்படி தீ மூட்டுவது, விலங்கைச் சீண்டுவது, குப்பை போடுவது எல்லாமே அந்தச் சட்டத்தில் தடை செய்யப்பட்டவை. ‘அடர்ந்த காட்டுக்குள் கேம்ப் ஃபயர்’ என்று யாராவது விளம்பரம் செய்தால், அது காட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். இல்லை, சட்டத்துக்கு வெளியே இருக்க வேண்டும்.

புலிகள் காப்பகம் என்றால் இன்னும் ஒரு கட்டுப்பாடு. தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம் 2012-ல் வெளியிட்ட விதிமுறைகளின்படி, காப்பகத்தின் மையப் பகுதியில் 20 சதவீதத்துக்கு மேல் சுற்றுலாவுக்குத் திறக்கக் கூடாது. முதுமலை, ஆனைமலை இரண்டுமே புலிகள் காப்பகங்கள். அதனால் இங்கே ‘காட்டில் தங்குவது’ என்றால், பெரும்பாலும் வனத்துறையின் ஓய்வு இல்லத்தில் தங்குவதுதான்.

“அட, ரூம்ல தங்கறதுக்கா இவ்வளவு தூரம் போகணும்?” என்று கேட்கலாம். முதல் தடவை, அதுவும் சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு, நாலு சுவரும் ஒரு கதவும் இருக்கிற இடம்தான் சரி. சன்னல் வழியாக மான் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு நிம்மதியாகத் தூங்கலாம்.

முதல் தடவைக்கு எங்கே போகலாம்?

உதாரணத்துக்கு ஆனைமலையை எடுத்துக்கொள்வோம். பொள்ளாச்சியிலிருந்து சேத்துமடை வழியாக மலையேறினால் டாப்ஸ்லிப். வெள்ளைக்காரர் காலத்தில் வெட்டிய தேக்கு மரங்களை மலை உச்சியிலிருந்து கீழே சறுக்கி விட்டதால் வந்த பெயர் இது. இங்கே வனத்துறையின் தங்கும் இடங்கள் இருக்கின்றன. கோழிகமுத்தியில் யானைகள் முகாம் இருக்கிறது. பக்கத்திலேயே கரியன்சோலை, ஆனைமலை தேசியப் பூங்காவில் அடங்கிய பழமையான சோலைக்காடு. புல்வெளியில் புள்ளிமானும் காட்டுப்பன்றியும் மேய்வதைப் பார்க்க எந்தச் சாகசமும் தேவையில்லை. அமைதியாக உட்கார்ந்தால் போதும்.

டென்ட்டில்தான் தூங்க வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடித்தால், அதே சாலையில் கொஞ்ச தூரம் போங்கள். டாப்ஸ்லிப்பைத் தாண்டினால் கேரளத்தின் பரம்பிக்குளம் புலிகள் காப்பகம். அது கேரளத்தில் இருந்தாலும் சாலை வழியாகப் போக நம் பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்ஸ்லிப் பாதைதான். எல்லையில் உள்ள ஆனப்பாடியில் கேரள வனத்துறையே நிலையான கூடாரக் குடில்கள் அமைத்திருக்கிறது. துணக்கடவில் மர வீடும் உண்டு. தங்குமிடம், சாப்பாடு, வாகனத்தில் சுற்றிப் பார்ப்பது, வழிகாட்டி எல்லாம் சேர்த்து ஒரே தொகுப்பாக முன்பதிவு செய்யலாம்.

இதில் முக்கியமானது அந்த வழிகாட்டிதான். காடர், மலசர், மலைமலசர், முதுவர் போன்ற பழங்குடி மக்கள் இங்கே சூழல் மேம்பாட்டுக் குழுக்கள் மூலம் வேலை செய்கிறார்கள். காட்டிலேயே பிறந்து வளர்ந்த ஒருவர், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்தே “இப்போ அந்தப் பக்கம் வேண்டாம்” என்று சொல்வார். எந்த ஆப்பும் இதைச் சொல்லாது. நீங்கள் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கு அந்தக் குடும்பங்களுக்குப் போகிறது. காடு நன்றாக இருந்தால்தான் அவர்களுக்குப் பிழைப்பு என்கிற கணக்கும் அதில் இருக்கிறது.

எப்போது போவது? பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை காட்டுத்தீ காலம். அப்போது பல இடங்களில் நடைபயணத்தை நிறுத்திவிடுவார்கள். ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும். மழையோடு அட்டையும் வரும். மழை ஓய்ந்து காடு பச்சையாக இருக்கும் செப்டம்பர் கடைசி முதல் ஜனவரி வரைக்கும் குடும்பத்தோடு போகத் தோதான காலம். முன்பதிவு செய்யாமல் போய்ச் சோதனைச் சாவடியில் நின்று கெஞ்சுவது வேண்டாம். ரூம் இல்லையென்றால் இல்லைதான்.

தனியார் டென்ட் ஸ்டே: எதைக் கேட்க வேண்டும்?

காட்டை ஒட்டிப் பட்டா நிலத்தில் நடக்கும் விடுதிகள் எல்லாமே சட்டவிரோதம் என்று சொல்லிவிட முடியாது. முறையாக அனுமதி வாங்கி நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள். பிரச்சினை எங்கே என்றால், யானை போகும் வழியிலேயே வேலி போட்டு, விளக்குப் போட்டு, பாட்டுப் போடுகிறவர்களிடம்தான். நீலகிரியின் சீகூர் பகுதியில் யானை வழித்தடத்தில் இருந்த விடுதிகள் பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2020 அக்டோபரில் நீதிமன்றம், வழித்தடத்தை அறிவித்த அரசின் நடவடிக்கை சரியே என்று தீர்ப்பளித்தது. அதற்கு அடுத்த ஜனவரியிலேயே அதே மசினகுடிப் பகுதியில், விடுதிப் பக்கம் வந்த யானையின் மேல் எரியும் பொருளை வீசியதும், காயம்பட்ட அந்த யானை இறந்துபோனதும் நாடு முழுக்கப் பேசப்பட்டது. விருந்தாளிக்கு யானையைக் காட்டுகிறேன் என்று கூப்பிடுகிற இடத்தில், யானையே வந்து நின்றால் என்ன நடக்கும் என்பதற்கு அது ஒரு சாட்சி.

முன்பணம் கட்டும் முன் நாலு கேள்வி கேளுங்கள். தங்குமிடத்துக்கு உள்ளாட்சி, சுற்றுலா, வனத்துறை அனுமதி இருக்கிறதா? இரவில் காவலுக்கு ஆள் உண்டா? ஆபத்து என்றால் ஓடி ஒதுங்க கான்கிரீட் கட்டடம் எத்தனை அடி தூரத்தில் இருக்கிறது? பக்கத்து வனச்சரக அலுவலகத்தின் தொலைபேசி எண் என்ன? நேர்மையான ஆள் நாலுக்கும் உடனே பதில் சொல்வார். “அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார், நாங்க இருக்கோம்ல” என்று மழுப்பினால், அந்த இடம் வேண்டாம்.

‘இரவு டிரெக்கிங்’, ‘ரகசிய அருவி’ என்று கூடுதலாக ஆசை காட்டினால் இன்னும் எச்சரிக்கையாக இருங்கள். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்ட மலையேற்றப் பயணிகள் இறந்ததை மறக்க முடியாது. அதற்குப் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிகளே வந்தன.

பிஸ்கட் பாக்கெட்டும் யானையும்

முதல்முறை போகிறவர்கள் புலிக்குப் பயப்படுவார்கள். உண்மையில் பயப்பட வேண்டியது தங்கள் சாப்பாட்டுப் பைக்குத்தான்.

யானையின் மோப்ப சக்தி அபாரமானது. வாழைப்பழம், பலாப்பழம், அரிசி, வெல்லம், உப்பு, சாராயம் என எல்லா வாசனையும் அதற்குத் தூரத்திலேயே தெரியும். கேரளத்தின் சின்னக்கானல் பகுதியில் அரிசிக்காக ரேஷன் கடையையும் வீடுகளையும் உடைத்ததால்தான் ஒரு யானைக்கு ‘அரிக்கொம்பன்’ என்று பெயரே வந்தது. 2023-ல் அதைப் பிடித்து வேறு காட்டில் விட்டார்கள். அங்கிருந்து கம்பம் நகருக்குள் இறங்கியது. மறுபடி பிடித்துக் களக்காடு முண்டந்துறைக் காட்டில் விட்டார்கள். மனிதச் சாப்பாட்டின் ருசி பழகிய விலங்குக்கு என்ன கதி ஆகும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டாம்.

எனவே, டென்ட்டுக்குள் சாப்பாடே இருக்கக் கூடாது. பிள்ளையின் பையில் ஒளிந்திருக்கும் சாக்லேட், தலைமாட்டில் வைத்த முறுக்கு டப்பா, காரில் மறந்துபோன வாழைப்பழம் எல்லாம் கணக்கில் வரும். மிச்சச் சாப்பாட்டை முகாமின் சமையலறையில் கொடுத்துவிடுங்கள். குரங்குக்கு ஒரு பிஸ்கட்கூடப் போடாதீர்கள். இன்றைக்கு உங்களிடம் வாங்கிச் சாப்பிட்டது, நாளைக்கு இன்னொரு குழந்தையின் கையைக் கடித்துப் பிடுங்கும். பிளாஸ்டிக் உறையை யானையும் மானும் உப்பு, இனிப்பு வாசனைக்காகத் தின்றுவிடும். கொண்டுபோன ஒவ்வொரு உறையையும் எண்ணித் திரும்பக் கொண்டுவருவதைப் பிள்ளைகளிடம் வேலையாகக் கொடுத்துப் பாருங்கள், உங்களைவிடச் சரியாகச் செய்வார்கள்.

இருட்டிய பிறகு

காட்டில் சாயங்காலம் 6 மணிக்கு மேல் நேரம் விலங்குகளுடையது. பிள்ளைகளை அதற்கு முன்பே உள்ளே கூட்டிக்கொள்ளுங்கள். சிறுத்தைக்கு உயரம் ஒரு கணக்கு. குனிந்து விளையாடும் குழந்தை அதன் கண்ணுக்குச் சின்ன இரையாகத் தெரியலாம். ஆனைமலையின் இன்னொரு பக்கமான வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களில் குழந்தைகள் சிறுத்தையிடம் சிக்கிய துயரங்கள் நடந்திருக்கின்றன. தனியாகக் கழிப்பறைக்கு அனுப்பக் கூடாது. “ராத்திரி வயித்த வலிச்சாலும் சரி, பாத்ரூம் வந்தாலும் சரி, அம்மாவ எழுப்பு கண்ணு” என்று தூங்கும் முன்பே சொல்லி வையுங்கள். டார்ச் ஆளுக்கு ஒன்று.

பாம்பு விஷயத்தில் பயமும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். கட்டுவிரியன் இரவில் நடமாடுவது. தரையில் தூங்குகிறவர்களைத்தான் பெரும்பாலும் கடிக்கும். கடித்த இடம் வலிக்காமலும் இருக்கும். விடிகாலையில் வயிற்றுவலி, கண் இமை தொங்குவது என்று ஆரம்பிக்கும்போது நேரம் போயிருக்கும். அதனால் கூடாரத்தின் ஜிப்பை எப்போதும் முழுக்க மூடி வைக்க வேண்டும். கட்டிலில் படுப்பது நல்லது. காலையில் ஷூவை உதறிவிட்டுப் போட வேண்டும். கடித்துவிட்டால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் கூடாது. மோதிரம், வளையல், கொலுசைக் கழற்றி, கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல், விஷமுறிவு மருந்து இருக்கும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். டாப்ஸ்லிப்பிலிருந்து பொள்ளாச்சிக்கு இறங்க மலைப்பாதையில் நேரமாகும். காட்டுக்குள் செல்போன் சிக்னலும் எல்லா இடத்திலும் இருக்காது. யாரிடம் வண்டி இருக்கிறது, யாரை எழுப்ப வேண்டும் என்று போய்ச் சேர்ந்தவுடனேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. திரும்பி வந்த 3 வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், “காட்டுல தங்கிட்டு வந்தோம்” என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். புதரில் இருக்கும் நுண்ணிய பூச்சி கடிப்பதால் வரும் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல் தமிழ்நாட்டில் சாதாரணமாகவே இருக்கிறது. கடித்த இடத்தில் சிகரெட் சுட்டது போலக் கருப்புப் பொருக்கு இருக்கலாம். சீக்கிரம் கண்டுபிடித்தால் மாத்திரையிலேயே சரியாகிவிடும். தாமதித்தால் உயிருக்கே ஆபத்து.

யானை எதிரே வந்தால்?

வண்டியில் இருந்தால் இறங்காதீர்கள். ஹாரன், ஹெட்லைட் விளையாட்டு, செல்ஃபி எதுவும் வேண்டாம். நிறுத்துங்கள், அது நகர இடம் கொடுங்கள், அது முன்னால் வந்தால் மெதுவாகப் பின்வாங்குங்கள். காதை ஆட்டிக்கொண்டு மேயும் யானை உங்களைப் பற்றிக் கவலைப்படவில்லை. ஆட்டுவதை நிறுத்தி, காதை விரித்து உங்களையே பார்த்தால், ரொம்பக் கிட்டே வந்துவிட்டீர்கள் என்று பொருள். வனவிலங்கிலிருந்து குறைந்தது 20 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்பது புலிகள் ஆணையத்தின் விதி. யானைக்கு, அதுவும் குட்டியோடு இருக்கும் யானைக்கு, 20 மீட்டர் போதவே போதாது. 2025 பிப்ரவரியில் வால்பாறை சாலையில் நின்ற யானையை பைக்கில் கடக்க முயன்ற ஜெர்மன் சுற்றுலாப் பயணி ஒருவர் உயிரிழந்தார்.

நடந்து போகும்போது என்றால் முடிவு வழிகாட்டியுடையது. அவர் நில் என்றால் நிற்க வேண்டும், திரும்பு என்றால் திரும்ப வேண்டும். “இன்னும் ரெண்டடி போனா நல்ல போட்டோ கிடைக்கும்ணே” என்று அவரை நெருக்கக் கூடாது. உங்கள் வற்புறுத்தலுக்காக அவர் எடுக்கும் ரிஸ்க்கில் முதலில் மாட்டுவது அவர்தான்.

வால்பாறையில் நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் அமைப்பும் வனத்துறையும் சேர்ந்து, யானை எங்கே நிற்கிறது என்று உள்ளூர் மக்களுக்குக் குறுஞ்செய்தியிலும் சிவப்பு விளக்கிலும் எச்சரிக்கும் ஏற்பாட்டைச் செய்திருக்கிறார்கள். வேலை முடிந்து வீடு திரும்பும் தொழிலாளிக்கு அது உயிர் காக்கும் தகவல். ஆனால் வெளியூரிலிருந்து வந்து டென்ட்டில் படுத்திருப்பவருக்கு அந்தத் தகவல் வராது. உள்ளூர் ஆள் துணை இல்லாமல் தங்கக் கூடாது என்று சொல்வதற்கு அதுவே போதுமான காரணம்.

அரசு செய்ய வேண்டியது

மக்களுக்கு மட்டும் புத்தி சொல்லிவிட்டு நிறுத்துவது நியாயமில்லை. வனத்துறை அறைகள் குறைவு. விடுமுறை நாளில் கிடைப்பதில்லை. எந்தத் தனியார் இடத்துக்கு அனுமதி இருக்கிறது என்று ஒரு சாதாரணக் குடும்பம் தெரிந்துகொள்ள எளிய வழியும் இல்லை. அந்த இடைவெளியில்தான் ரீல்ஸ் விளம்பரக்காரர்கள் நுழைகிறார்கள்.

மலையேற்றத்துக்கு வழி காட்டிய முன்மாதிரி நம்மிடமே இருக்கிறது. 2024 அக்டோபரில் தொடங்கிய ‘டிரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் 40 பாதைகள் அறிவிக்கப்பட்டன. இணையத்தில் முன்பதிவு, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி என்று ஒழுங்கு வந்தது. அதே போல, காப்பகங்களின் மையப் பகுதியைத் தொடாமல், வெளிவட்டத்தில் சில குடும்ப முகாம்களை வனத்துறையே அமைக்கலாம். யானை வழித்தடத்தைத் தவிர்த்த இடம், சுற்றிலும் அகழி, பத்துப் பதினைந்து குடும்பத்துக்கு மேல் இடமில்லை என்ற வரம்பு, பழங்குடிக் குழுக்களின் கையில் நிர்வாகம், நடுத்தரக் குடும்பம் கொடுக்கக்கூடிய கட்டணம். அனுமதி பெற்ற தனியார் தங்குமிடங்களின் பட்டியலையும் மாவட்டவாரியாக இணையத்தில் போட வேண்டும். பட்டியலில் இல்லாத இடத்துக்கு முன்பதிவு எடுக்கும் தளங்களையும் கேள்வி கேட்க வேண்டும்.

“முகாம் திறந்தா கூட்டம் கூடும், காடு கெடும்” என்ற அச்சத்தைத் தள்ளிவிட முடியாது. வரம்பு இல்லாமல் திறந்தால் அதுதான் நடக்கும். ஆனால் கூட்டம் ஏற்கெனவே காட்டோரத்துக்கு வந்துவிட்டது. ஸ்பீக்கரும் சரக்கு பாட்டிலுமாக வந்துவிட்டது. எண்ணிக்கைக்கு வரம்பு போட்டு, காட்டைத் தெரிந்தவர் கையில் ஒப்படைப்பதுதான் இப்போது செய்யக்கூடிய காரியம்.

குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. கிளம்பும் முன்பே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள்: யானை வரலாம், வராமலும் போகலாம். “இவ்வளவு காசு கட்டியும் புலி வரலியே” என்று வழிகாட்டியிடம் சண்டை போடும் பெரியவர்களைப் பார்த்துத்தான் பிள்ளைகள் கற்றுக்கொள்கிறார்கள். மலை அணில் ஒன்று மரத்துக்கு மரம் தாவுவதை அரை மணி நேரம் சத்தமில்லாமல் பார்க்க அவர்கள் பழகிவிட்டால், அந்தப் பயணத்துக்குக் கட்டிய காசு வீண்போகவில்லை.